பை பார்த்துக்கொள்பவருக்கும் முழு டிக்கெட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அதாவது துணி ஓரங்களைச் சேர்த்து அடிக்கிறவள். பதினாறு வருடமாக அதே மெஷின். எங்கள் கம்பெனி வாசலில் இருக்கும் டீக்கடையில் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள். காலை டீ நேரத்தில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் நான் முதலில் திருப்புவது வாசகர் கடிதப் பக்கத்தைத்தான். திருப்போரூர் பக்கத்தில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து, குடும்பத்தோடு தீம் பார்க் போவது தேவையா இல்லையா என்று வாசகர்கள் மாறி மாறி எழுதுகிறார்கள். ஒன்று விடாமல் படித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு நாள் சறுக்கி விளையாட ஐந்தாயிரம் ரூபாய் கொடுப்பது வீண், அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலையும் கீழடியையும் காட்டலாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதிய, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி, டிக்கெட் எடுத்துவிட்டால் அன்று முழுக்கக் குடும்பமே சந்தோஷமாக இருக்கும், இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு பேர் கடிதத்திலும் ஒரு ஆள் இல்லை. எல்லோருடைய பையையும் செருப்பையும் செல்போனையும் வைத்துக்கொண்டு காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள். இரண்டு தடவை அப்படி உட்கார்ந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆசிரியர் ஐயாவுக்கு. உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறதுங்க ஐயா. எங்கள் வீட்டிலும் அதே கணக்கைப் போடுகிறவர் இருக்கிறார், என் மாமியார். ஆனால் எங்கள் வாழ்க்கைக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். எங்களுக்கு எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. ஒன்றரை ஷிப்டு, அதாவது காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. ஷிப்மென்ட் நெருங்கினால் இரண்டு ஷிப்டும் உண்டு. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் அவர் தூங்குவார். மீதிப் பாதியில் கறி எடுக்க வேண்டும், ரேஷன், துணி துவைப்பு. என் மகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடத்திலேயே கூட்டிப்போனார்கள். பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பேர் கீறியிருந்ததைப் பற்றி இரண்டு நாள் வாய் ஓயாமல் பேசினாள். எனக்கு அவ்வளவு பெருமை. எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் ஐயா, அதை அவர்களும் வாத்தியார்களும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது, பகல் வெளிச்சத்தில் தங்களோடு தண்ணீரில் நிற்கும் அப்பா. அதற்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

முதன்முதலில் போனது 2018 மே மாதம். மகளுக்கு அப்போது ஏழு வயது, பையன் ஒன்பது மாதக் கைக்குழந்தை. மாமியார் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். மகள் பிளாக் தண்டர் தீம் பார்க் என்றாள். நல்லவேளை இரண்டுமே மேட்டுப்பாளையத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. விடியற்காலையில் அவினாசி, அன்னூர் வழியாகப் போய், பவானிக் கரையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பாக்குத் தோப்புகளைத் தாண்டி ஊட்டி ரோட்டுக்கு வந்தோம். டிக்கெட் கவுண்டரில் மாமியார் என்னைக் கேட்டார்: "ஏன் கண்ணு, தண்ணியில குதிக்கறதுக்கு எதுக்குக் காசு? பவானி சும்மாதான போயிட்டிருக்குது?"

நியாயமான கேள்விதான். அவர் காலத்தில் எல்லோரும் பவானியில்தான் குளித்தார்கள். ஆனால் மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பவானி திடீரென்று ஏறும். இறங்கும்போது முழங்கால் அளவு இருந்த இடம் கொஞ்ச நேரத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். மேட்டுப்பாளையம் பக்கம் குளிக்க இறங்கித் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர், வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். பூங்காவில் கரையில் விசிலோடு ஒருவர் நிற்கிறார், ஆழம் எழுதியிருக்கிறது. நான் இதைச் சொன்னதும் மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை.

மகளும் அவள் அப்பாவும் உள்ளே ஓடினார்கள். நானும் மாமியாரும் குழந்தையோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சேலையில் போயிருந்தேன். சேலையோடும் பருத்தித் துணியோடும் குளத்தில் இறங்க விடுவதில்லை. யாரும் எனக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, பருத்தி என் தொழில். நாள் முழுக்க மெஷினில் இருந்து எழுந்தால் தலைமுடி, புருவம், மூக்கு எல்லாம் பஞ்சு. அந்தப் பஞ்சு குளத்தில் உதிர்ந்தால் வடிகட்டியை அடைத்துவிடும். சேலை சறுக்கில் சுற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சரியான விதிதான். உடை வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஊரார் எல்லாம் போட்டுக் கழற்றியதை நம் உடம்பில் போடக் கூசியது. தவிர, பையை லாக்கரில் வைக்கலாம், ஒன்பது மாதக் குழந்தையை யாரிடம் கொடுப்பது? மாமியாருக்கு மூட்டுவலி, குழந்தை ஓடும் வயது இல்லையென்றாலும் அவரால் தூக்கி வைத்திருக்க முடியாது.

அன்று எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. மகள் நனைந்த தலையோடு ஓடிவந்து, "அம்மா, அப்பா கத்துறாரும்மா, பயந்து கத்துறாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள். கம்பெனியில் சத்தம் போட்டே பேசாத மனிதர் அவர். வீட்டிலும் அப்படித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அவர் மடியில் தூங்கினாள். அந்த ஒரு நாளுக்காக நான் இன்னும் பத்து நாள் பெஞ்சில் உட்காரத் தயாராக இருந்தேன்.

இரண்டாம் தடவை போனது 2023 மே மாதம், வேறொரு பூங்கா. பெயர் வேண்டாம். அங்கேதான் எனக்கு உறைத்தது. உயரம் அளக்கும் குச்சியில் மகள் கோட்டைத் தொட்டுவிட்டதால் பெரியவர் டிக்கெட். அது சரி, அவள் எல்லாவற்றிலும் ஏறப்போகிறாள். நான் எதிலும் ஏறவில்லை, எனக்கும் பெரியவர் டிக்கெட். எழுபதை நெருங்கிய மாமியாருக்கும் அதே. அன்று என் ஒரு ஷிப்டுச் சம்பளம் 480 ரூபாய். நாங்கள் இரண்டு பேரும் நிழலில் உட்காரக் கொடுத்த பணம் என்னுடைய நான்கு ஷிப்டு.

அதைவிடப் பெரியது சாப்பாடு. நான் விடியற்காலையில் எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டியிருந்தேன். வாசலிலேயே பையைத் திறந்து பார்த்து, வெளிச்சாப்பாடு கூடாது என்று தூக்குப்போசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமியாருக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அந்தக் காவலாளித் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவனும் என்னைப்போல் ஷிப்டு பார்க்கிறவன், மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்கிறான். உள்ளே மதியம் ஒரு மணிக்கு உணவுக்கூடத்தில் அவ்வளவு நீளமான வரிசை. ப்ரைடு ரைஸும் உருளைக்கிழங்கு சிப்ஸும்தான் கைக்கு எட்டியவை. மாமியாருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்து பெஞ்சில் எங்களைப்போலவே பைகளோடு உட்கார்ந்திருந்த ஈரோட்டு அம்மா ஒருவர் தன் பேத்திக்காக ஒளித்து வைத்திருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட பிறகுதான் மாமியார் கண் திறந்தார். அந்த அம்மாவின் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றுவரை மனதில் உறுத்துகிறது.

அன்று அந்த நடைபாதையை நன்றாகப் பார்த்தேன். எங்கள் வரிசையில் பதினொரு பெஞ்சு. உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் வயதான ஆண்கள். மீதி எல்லோரும் பெண்கள். மடியில் ஈரத்துண்டு, கையில் மற்றவர் மோதிரமும் செயினும், காலடியில் செருப்புக் குவியல். பையன் சறுக்கின் உச்சியில் நின்று, "அம்மா, இங்க பாரு" என்று கை ஆட்டியிருக்கிறான். நான் அந்த நேரம் குனிந்து செல்போன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். "நீ பார்க்கவே இல்லை" என்று அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

இதைக் கேட்ட மகள் தன் போனில் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் மிக்கி மவுஸ் படம் எடுத்த வால்ட் டிஸ்னி சனிக்கிழமைகளில் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் என்ற இடத்துக்குக் கூட்டிப்போய் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து விளையாட ஒரு இடம் இருக்கக் கூடாதா என்று அந்தப் பெஞ்சில்தான் தோன்றியதாம். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் பூங்காவைத் திறந்தார். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்த ஒருவரின் ஏக்கத்தில் பிறந்த தொழில் இது. எழுபது வருடம் கழித்து அதே பெஞ்சில் நாங்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த டிஸ்னி பூங்காக்களில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. சின்னக் குழந்தை இருந்தால், அப்பா ஏறிவிட்டு வரும்வரை அம்மா குழந்தையோடு வெளியே நிற்கலாம். அவர் வந்ததும் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு அம்மா ஏறலாம், திரும்ப முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. வாசலில் நிற்கும் பணியாளரிடம் சொல்லி வைத்தால் போதும். நம் ஊர்ப் பூங்காக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ராட்டினத்தைக் கொண்டுவருகிறார்கள், இந்த வழக்கத்தையும் கொண்டுவரட்டும்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். சும்மா விடுங்கள் என்று கேட்கவில்லை. உட்கார்ந்திருப்பவரும் நிழலில் இருக்கிறார், கழிப்பறைக்குப் போகிறார், அதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அதனால் பாதி டிக்கெட் போடுங்கள். பாதி டிக்கெட் வாங்கிவிட்டு ஏறிவிடுவார்கள் என்பீர்கள். கையில்தான் பட்டை கட்டி அனுப்புகிறீர்களே, துணைக்கு வருபவருக்கு வேறு நிறத்தில் கட்டுங்கள். எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பீஸ் போகிறது. ஒவ்வொரு பண்டிலிலும் சைஸ் டிக்கெட் வைத்துத்தான் லைனுக்குக் கொடுக்கிறோம். மீடியத்தில் ஒரு லார்ஜ் கலந்தால்கூட செக்கிங்கில் இருக்கும் பெண்கள் பிடித்துவிடுவார்கள். இது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. முன்பு இந்த டிக்கெட்டுகளுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, எல்லோரும் கேட்ட பிறகு 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள் என்று மகள் சொன்னாள். கேட்டால் குறையும் என்பதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன். சாப்பாட்டு விஷயத்தில், உடம்புக்கு முடியாதவர்களுக்குத் தயிர்சாதத்தை மட்டும் உள்ளே விடுங்கள். மருந்துச் சீட்டைக் காட்டச் சொன்னால் காட்டுகிறோம்.

சென்னைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. குடும்பமே சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாளில் உங்கள் பையை யார் வைத்திருந்தார்கள்? அவர்கள் எத்தனை ராட்டினம் ஏறினார்கள்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி, என் வீட்டுக்காரரிடமும் இதைத்தான் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வேண்டாம்னு சொன்னதா நினைச்சேன்" என்றார். நானும் ஒரு தடவைகூட வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

2025 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டானது. சில வாரம் நாலு நாள்தான் வேலை. தீபாவளி போனஸ் வருமா என்பதே சந்தேகம், வந்தது. அதில் கொஞ்சம் எடுத்து வைத்துப் பொங்கல் லீவில் பூங்காவுக்குப் போகலாம் என்று பையன் கேட்டான். "இந்த வருசம் வேண்டாம் சாமி" என்றார் மாமியார். அதைவிட என்னை வருத்தியது, மகளும் வேண்டாம் என்றதுதான். பதினான்கு வயதுப் பெண், வீட்டு நிலைமையைக் கணக்குப் போட்டு, "அம்மா, எனக்கு அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட நேரத்தில் போவது ஊதாரித்தனம் என்று ஆசிரியர் ஐயா சொல்லலாம். எங்கள் தெருவிலும் சொன்னார்கள். நான் போக வேண்டும் என்றேன். இன்னும் மூன்று வருடத்தில் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள். வரி குறைந்து, ஆர்டர் வந்து, ஷிப்டு நிறைந்தால் மறுபடி அப்பாவுக்கு நேரம் இருக்காது. வேலை குறைந்த சமயத்தில்தான் எங்கள் வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து பகலைப் பார்த்தோம்.

இந்த முறை ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஊர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையில் பாலியஸ்டர் துணி எடை போட்டு வாங்கி வந்தேன், இழுபடும் லைக்ரா நூல் கொஞ்சம் கலந்தது, நனைந்தாலும் கலர் போகாது. முழுக்கை டீ ஷர்ட், முழு நீளப் பேன்ட், எனக்கு மட்டும் முட்டிவரை நீளமாக ஒரு மேல்சட்டை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவருடைய பவர்டேபிளில், அதாவது சின்னத் தையல் யூனிட்டில் உட்கார்ந்து ஓட்டினேன். நான்கு பேருக்கும் சேர்த்துத் துணி 640 ரூபாய்தான் ஆனது. வெளிநாட்டுக்காரர்கள் நீந்தப் போட்டுக்கொள்ளும் துணியை எத்தனையோ தடவை ஓவர்லாக் அடித்திருக்கிறேன், எனக்கென்று அடித்தது அதுதான் முதல் தடவை.

மறுபடி பிளாக் தண்டருக்கே போனோம். பொங்கல் சமயம், மலையடிவாரக் காற்று, தண்ணீர் சில்லென்று இருந்தது. வாசலைத் தாண்டியதும் வீட்டுக்காரர் என் தோளில் இருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "மதியம் வரைக்கும் நான் இருக்கறேன், நீ போ" என்றார். அலைக்குளத்தில் பையன் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். சங்கு ஊதியதும் அலை வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீர்தான், அலை தூக்கியபோது கால் தரையில் இல்லை. நான் கத்தினேன் என்று பையன் சொல்கிறான். மகள் அன்று சின்னப் பிள்ளைகள் விளையாட்டு எல்லாவற்றிலும் இரண்டிரண்டு தடவை ஏறினாள். மதியத்துக்கு மேல் நான் பெஞ்சுக்கு வந்தேன், வீட்டுக்காரர் போனார். பையன் சறுக்கின் உச்சியில் நின்று கை ஆட்டினான். இந்தத் தடவை செல்போனை எண்ணவில்லை, நானும் கை ஆட்டினேன்.

மாமியார் அலைக்குளத்தின் ஓரத்தில், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. காவலாளி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது, "நேத்து நீ தெச்சியே கண்ணு, அந்தத் துணி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.

மே மாதத்துக்குத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். கருநீலம்தான் வேண்டும், பளபளப்பு கூடாது என்று சொல்லிவிட்டார். அளவும் எடுத்தாயிற்று. இடுப்புக்கு எலாஸ்டிக் வைப்பதா நாடா வைப்பதா என்பதில்தான் இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருவர்,
பெருமாநல்லூர் சாலை, திருப்பூர்.